சித்திரை இடிமழையும் கச்சான் காற்றும்

பங்குனி, சித்திரை மாதங்களில் நம் நாட்டின் மலைப்பகுதிகளிற் பிற்பகல்தோறும் இடிமழை பெய்வதையும், வைகாசி பிறந்தபின் அம்மழை ஓய்ந்து, ஊவாவிலும் அதன் கீழுள்ள கிழக்குச் சமவெளியிலும் உலர்ந்த வெப்பக்காற்று வீசத் தொடங்குவதையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். மழை தரும் ஈரத்தை நிலத்திற் சேர்ப்பதற்கும், காற்று வலுக்குமுன் பயிரை நிலைபெறச் செய்வதற்கும் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. சிறுபோகத்தின் விளைவு பெரும்பாலும் இக்காலத்திலேயே நிர்ணயிக்கப்படுகின்றது.

மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்டவை. வாடைக்காற்று தளர்ந்துவிடும், தென்மேற்குக் காற்றோ இன்னும் நிலைகொண்டிராது. ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியிற் சூரியன் இலங்கைக்கு நேர்மேலே வருதலால் நிலம் மிக வெப்பமடைகின்றது. அப்போது எல்லாக் கரைகளிலிருந்தும் உள்ளே வரும் ஈரமான கடற்காற்று மலைகளை அடைந்து மேலெழுந்து முகிலாகத் திரள்கின்றது. முற்பகலில் வானம் தெளிவாயிருந்து, 2 மணிக்குப் பின் திடீரெனக் கறுத்து இடிப்பதன் காரணம் இதுவே. இவ்விரு மாதங்களில் நாட்டின் பெரும்பகுதிக்கு 100 முதல் 250 மில்லிமீற்றர் வரை மழை கிடைக்கும். மலைநாட்டின் தென்மேற்குச் சரிவுகள் இதனிலும் அதிகம் பெறும். யாழ்ப்பாணக் குடாநாடு 100 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பெறும். மின்னல் பயிருக்கு உரமாகும் என்று முதியோர் கூறுவர். அதில் உண்மை உண்டாயினும், அவ்வாறு நிலத்துக்கு வந்துசேரும் நைதரசன் மிகச் சொற்பம். அதனை நம்பி யூரியாவின் அளவைக் குறைத்தல் ஆகாது.

மின்னலினால் உண்டாகும் உயிராபத்தைப் பற்றி இங்கு சற்று விரிவாகக் கூறவேண்டும். திறந்த வயலில் நிற்கும் மனிதனே அவ்விடத்தில் உயரமான பொருள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி எடுக்கும். ஆகவே 30 எண்ணுவதற்குள் இடியோசை கேட்குமாயின், மின்னல் 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உடனே வேலையை விட்டு வீட்டுக்குட் செல்லவேண்டும். எஞ்சிய ஒரு பாத்தியையும் முடித்துவிடலாம் என்று நின்றவர்களே பெரும்பாலும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். தனி மரத்தின் கீழும், முட்கம்பி வேலியின் அருகிலும், நீர் நிறைந்த வயலிலும் நிற்றலாகாது. வயல் வாடியும் காவற்பரணும் மழையைத் தடுக்குமேயன்றி மின்னலைத் தடுக்கமாட்டா. மேற்கூரையற்ற உழவு இயந்திரமும் அத்தகையதே. கடைசி இடியோசை கேட்டு அரை மணித்தியாலம் சென்றபின்னரே வெளியே வருக. ஒருவரை மின்னல் தாக்கினால் அவர் உடலில் மின்சாரம் தங்கியிராது, தயங்காமல் தொடலாம். மூச்சு நின்றிருப்பின் நெஞ்சை விடாது அழுத்தியவண்ணம் வைத்திய உதவியை நாடுங்கள்.

மழைக்கு முன் நிலத்தை எந்நிலையில் வைத்திருக்கின்றீர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். மலைச்சரிவிலே மரக்கறிக்காகக் கொத்தி, மூடுதலின்றி விடப்பட்ட மண்ணை ஒரு மாலைப்பொழுதின் இடிமழையே வாரிக்கொண்டு போய்விடும். போவது மேல்மண், நீங்கள் இட்ட எருவும் அதனுடனேயே போகும். மண் காப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டதாயினும், சட்டத்தினும் உங்கள் கல்வரம்பே மண்ணைக் காக்கும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கோட்டில் அமைத்து, வடிகான்களைப் பங்குனியிலேயே துப்புரவாக்கி வையுங்கள். நெல்வயல்களில் முதல் மழையுடனேயே முதலாம் உழவை முடித்து, வரம்புகளைக் கட்டி மழைநீரைத் தேக்கினால், நிலம் பண்படுத்தக் குளத்து நீரை அவ்வளவாக நாடவேண்டியதில்லை. இவ்வாறு மிஞ்சும் நீர், நெல் பூக்குங் காலத்தில் உங்களுக்கே பயன்படும்.

இனிக் கச்சான். நாம் நிலக்கடலையையும் இப்பெயராலேயே அழைக்கின்றோம். இங்கு கூறப்படுவது மேற்கிலிருந்து வீசும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து கிழக்கே இறங்குகின்றது. ஈரம் முகிலாகும்போது வெப்பம் வெளிப்படுதலால், முகிலினூடே ஏறும் காற்று 100 மீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பாகையே குளிரும். இறங்கும் உலர்ந்த காற்றோ 100 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். உதாரணமாக, மேற்குக் கரையில் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று 600 மீற்றரில் முகிலாகத் தொடங்கி, 1800 மீற்றர் உயரமான மலையைக் கடந்து இறங்கினால், கிழக்குக் கரையை அடையும்போது ஏறத்தாழ 34 பாகையாக இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து மேற்கே நோக்கினால் மலைமுடிகளில் முகில் மதில்போற் படிந்திருக்க, தலைக்குமேல் வானம் வெறுமையாய் இருக்கும். பிற்பகல் இடி நின்று இவ்வடையாளம் தோன்றுமாயின், மழையை இனி எதிர்பாராதீர்கள்.

நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் மகரந்தம் கெட்டு மணி பதராகும். நெற்பூ முற்பகலிலேயே விரிவதால், கச்சான் காலையிலேயே வலுக்கும் நாட்களிற் சேதம் அதிகம். மூன்று மாத இனங்கள் விதைத்து ஏறத்தாழ 60 நாளிற் பூக்கும். ஏப்ரல் 10இல் விதைத்தால் ஜூன் 10 அளவிலும், மே 10இல் விதைத்தால் ஜூலை 10 அளவிலும் பூக்கும் என்று கணக்கிடுக. பிந்தி விதைத்தவருக்குக் காற்றும் கடுமை. குளத்து நீரும் குறைவு. ஆகையாற் போக ஆரம்பக் கூட்டத்திற் குறித்த திகதிக்குப் பிந்தாதீர்கள். பிந்தநேர்ந்தால் இரண்டரை மாத இனமான பி.ஜி. 250ஐ விதையுங்கள். குடலைப் பருவந்தொட்டுப் பால்கட்டும் வரை வயலில் இரண்டு அங்குல நீர் நிற்கவேண்டும். வேரில் நீர் உண்டானால் பயிர் நீராவியை வெளிவிட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். எனவே முறைநீர் பங்கிடும்போது பூக்கும் வயல்களுக்கு முதலிடம் அளிக்குமாறு வட்டைவிதானையுடன் முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

யூரியாவை உலர்ந்த நிலத்தின்மேல் காற்று வீசும்போது தூவினால் ஒரு பகுதி ஆவியாய்ப் போய்விடும். முகில் கறுக்கும் பிற்பகலிற் தூவினால் வெள்ளத்தோடு போகும். ஈர மண்ணில் இட்டுக் கலந்துவிடுவதே முறை.

வெலிமடைப் பகுதியில் நெல் அறுத்த வயல்களிலே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு நடுவோர், இடிமழைக் காலம் முடியும் வரை பிந்திய வெளிறல் நோயைக் கவனித்திருக்கவேண்டும். வானம் வெளித்ததும் அந்நோயின் வேகம் தணியும். அப்போது மிளகாய், கத்தரி முதலியவற்றிற் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகத் தொடங்கும். அடிக்கடி நாசினி தெளித்தால் சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளே முதலில் மடியும். இளம் நெல்லிற் பனிப்பூச்சி கண்டால், நீர் வசதியுள்ளோர் பயிர் அமிழுமாறு இரண்டு நாள் நீர் கட்டினாற் போதுமானது. மரக்கறிப் பாத்திகளை வைக்கோலால் மூடி, மாலையில் வேரோரம் நீர் ஊற்றுங்கள். மேற்கு எல்லையிற் கிளிரிசீடியா வேலியொன்று இருக்குமாயின், அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் குறையும். வெட்டும் தழை பசளையாகும். அவ்வேலிக்கான தடிகளைச் சித்திரை மழை நிற்குமுன் ஊன்றிவிடவேண்டும். கச்சான் தொடங்கியபின் ஊன்றுபவை வேர்பிடிப்பது அரிது.