அசையும் தலைகள், ஆயிரமாயிரம் படங்கள்

ஒன்பது வயதுக் குழந்தையை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கருவி தடதடவென்று இரையும். தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். அதனால், வளரும் பிள்ளைகளின் மூளையைத் தொடர்ந்து கவனிக்கும் அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வில், முதலில் ஒரு போலிக் கருவிக்குள் படுக்கவைத்து, அதே இரைச்சலையும் கேட்கவிட்டுக் குழந்தைகளைப் பழக்கினார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏற மூளையில் அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பு தளர்கிறது, தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு வலுக்கிறது என்று ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆனால் தலை மிகச் சிறிதளவு அசைந்தாலே அருகுத் தொடர்பு வலுத்ததுபோலவும் தொலைத் தொடர்பு தளர்ந்ததுபோலவும் படத்தில் தோன்றும் என்று செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம் நெளிவார்கள். வளர்ச்சி என்று எண்ணியதில் ஒரு பங்கு அந்த நெளிவுதான்! முந்தைய முடிவுகளில் சில இதே குழுவினர் பங்கேற்று வெளியிட்டவை. தங்கள் முடிவைத் தாங்களே உடைத்துப் பார்த்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. ஒரே மருத்துவமனையில் சில டஜன் பேரைப் படமெடுத்து முடிவு சொல்வதுதான் நெடுநாள் வழக்கம். ஏ.பி.சி.டி. 2016 முதல் 2018 வரை 21 மையங்களில், 9, 10 வயதுடைய சுமார் 11,800 குழந்தைகளைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுக்கொரு முறை ஸ்கேன். மொத்தம் பத்தாண்டுத் தொடர்கவனிப்பு. சீமென்ஸ், ஜி.இ., பிலிப்ஸ் என மூன்று நிறுவனங்களின் கருவிகளிலும் படங்கள் ஒப்பிடும்படி அமைய, படமெடுக்கும் முறையையே பொதுவாக வகுத்தார்கள். தரவுகள் உலக ஆய்வாளர்களுக்கும் பகிரப்படுகின்றன.

இந்தத் தரவையும் சேர்த்து, சுமார் 50,000 பேரின் படங்களை அலசிய ஆய்வு 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. மூளையின் அமைப்புக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் மிக மெல்லியது. அதை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றது அது. ஆகவே, ஒரு ஸ்கேனை வைத்து உங்கள் பிள்ளையின் திறமையைக் கணிப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே ஆண்டு, ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் திரட்டி மூளைக்கு வளர்ச்சி வரைபடம் வரைந்தார்கள். அதில் பெரும்பாலோர் ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். நம் பிள்ளைகளை அந்த அளவுகோலால் மட்டும் அளப்பது சரியாகாது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தொடங்கிய சி-வேதா ஆய்வு அந்த வகையில் முக்கியமானது. மைசூரு, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் உட்பட ஏழு மையங்களில், 6 முதல் 23 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். மன அழுத்தம், சத்துக்குறைவு, சுற்றுச்சூழல் நச்சு ஆகியவை வளரும் மூளையை எப்படிப் பாதிக்கின்றன என்பதே அவர்கள் தேடும் விடை.