பத்துத் தென்னையில் 2,520இல் ஒரு பங்கு! தெரியுமா?

பத்தே பத்துத் தென்னை மரங்கள். அவற்றில் 2,520இல் ஒரு பங்கு யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள், தெரியுமா? 1845இல் இலங்கை வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், தான் வந்திறங்குவதற்குச் சற்று முன் காலி மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ந்த வழக்கு என்று இதைத் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

நம்ப முடியவில்லையா? மாத்தளையில் ஓர் ஏக்கர் மிளகுத் தோட்டம், அதாவது 160 பேர்ச் என்று வையுங்கள். நாலு பிள்ளை, அவர்களுக்கு நந்நாலு, அவர்களுக்கும் நந்நாலு. மூன்றாம் தலைமுறையில் 64 சொந்தக்காரர், ஆளுக்கு இரண்டரைப் பேர்ச்! எந்த இரண்டரை என்று ஒருவராலும் காட்ட முடியாது. உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்றுதான் இருக்கும்.

அதே தெருவில் பக்கத்து வீட்டுப் பங்குக் கணக்கே வேறு! கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம். மலையகத் தமிழருக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை அல்ல, 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்: உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மறுபாதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. கட்டிக்கொடுத்த தங்கைக்கு இனி என்ன பங்கு என்று கேட்கும் அண்ணன்மார் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

"இருபது வருஷமாக நானே ஆண்டு அனுபவிக்கிறேன், காணி எனக்குத்தான்" என்கிறீர்களா? பத்து வருஷ ஆட்சி அந்நியரிடம் செல்லும், கூடப்பிறந்தவரிடம் அவ்வளவு லேசில் செல்லாது! கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் ஆட்சி எல்லாருடைய ஆட்சியுமே என்று 1911இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் தீர்த்துவிட்டது. மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளியே தள்ளியதற்கோ அதற்கு ஈடான செயலுக்கோ சான்று வேண்டும்.

இனி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்துக்கு வாருங்கள். வியப்பெல்லாம் இங்கேதான்! ஒரு துளிப் பங்குள்ளவரும் வழக்குப் போடலாம். நீதிமன்றம் அனுப்பும் சேவையர் காணிக்கே வந்து, பறையறைவித்து, வழக்கு நடப்பதை உரக்க அறிவிக்க வேண்டும்! வீடு, கிணறு, பலா, மிளகுக் கொடி எல்லாவற்றையும், அவற்றுக்கு யார் உரிமை கோருகிறார் என்பதையும் எழுதுவார். வழக்கு காணிப் பதிவகத்தில் பதிவானபின், முடியும்வரை பங்கை விற்க முடியாது. எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்திட்டாலும் நீதிபதி ஒவ்வொருவரின் உரித்தையும் தாமே ஆராய்ந்தாக வேண்டும். ஏன் இத்தனை கவனம்? இறுதித் தீர்ப்பாணை வழக்காளிகளை மட்டுமல்ல, உலகத்தையே கட்டுப்படுத்தும்!

இன்னொன்று, மனத்தைத் தைப்பது. வழக்கு முடியுமுன் தான் இறந்தால் தன் இடத்தில் யார் நிற்பது என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆயுளுக்குள் முடியாமலும் போகலாம் என்பது சட்டத்துக்கே தெரியும்.

ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்டால் கோர்ட்டே வேண்டாம், தெரியுமா? சகோதரர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே சேவையரைக் கூப்பிட்டு அளந்து, நொத்தாரிசு முன் பிரிவினை உறுதி எழுதுங்கள். தங்கையின் பங்கையும் மறக்காமல் எழுதுங்கள்.