எண்ணெய் சாம்பிளும் கேஸ் குரோமட்டோகிராபியும்

உணவு பாதுகாப்பு அலுவலர் நம் கடையில் எண்ணெய் சாம்பிள் எடுத்தால், அது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் உள்ளது போன்ற அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே கலப்படம் பார்க்கும் முக்கியக் கருவி கேஸ் குரோமட்டோகிராபி. பெயரைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் உண்டு. மிஷின் சொன்னால் மறுபேச்சில்லை என்பவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல.

எண்ணெய் அப்படியே ஆவியாகாது. ஆகவே அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் பொருளாக மாற்றி, பல மீட்டர் நீளமுள்ள நூல் போன்ற குழாயில் வாயுவோடு செலுத்துகிறார்கள். ஒவ்வொரு அமிலமும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். எது எத்தனை பங்கு என்று கணக்கு கிடைத்துவிடும். பூச்சிமருந்து எச்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் இதில் பிடிபடும். நம் மூக்கும் நாக்கும் கிட்டே நிற்க முடியாது.

ஆனால் கடலை எண்ணெயைப் பாருங்கள். இதில் பால்மிடிக் அமிலம் 100-க்கு 5 முதல் 14 வரை இயற்கையாகவே இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ் என்னும் உலக உணவுத்தர அமைப்பு. பாமோலினில் அது சுமார் 40. பால்மிடிக் 10 உள்ள கடலை எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு பாமோலின் சேர்த்தால் 13 ஆகும். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் கலப்படம் தப்பிவிடும்! பாதிக்குப் பாதி கலந்தவன் மட்டும் தப்ப முடியாது. தேங்காய் எண்ணெயில் செம்பனைப் பருப்பு எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் இதே சிக்கல்தான். இரண்டிலும் லாரிக் அமிலம் ஏறத்தாழப் பாதி.

ஆவியாகாத பொருள் இக்கருவிக்குத் தெரியாது. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலுள்ள நச்சுக்கு வேறு சோதனை வேண்டும். மிளகாய்த்தூளில் சேர்க்கும் சாயத்துக்கும் அப்படியே.

ஆகவே ரிப்போர்ட் வந்தால் எந்தச் சோதனை, எந்த அளவு, எந்த வரம்பு என்று பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாம்பிள் நான்கு பாகமாகிறது. எடுக்கும்போதே நாம் கேட்டால், ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போகும், செலவு நம்முடையது. பலர் இதைக் கேட்பதே இல்லை. ரிப்போர்ட் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாவட்ட அலுவலரிடமும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட அலுவலரிடமும் மனு கொடுக்க வேண்டும். சரக்கு வாங்கிய பில்லும் அதிலுள்ள உத்தரவாதமும் கையில் இருக்கட்டும்.