மாமனார் சர்க்கார், மாப்பிள்ளை கேள்வி

எதிர்க் கட்சிக்காரர் குற்றம் சொன்னால், "அவர் வேறு என்ன சொல்வார்?" என்று ஒதுக்கிவிடலாம். ஆளும் கட்சிக்காரரே எழுந்து கேட்டால்? அதுவும் பிரதம மந்திரியின் மாப்பிள்ளையே கேட்டால்?

1957 டிசம்பரில் டில்லிப் பார்லிமெண்டிலே அதுதான் நடந்தது. கேட்டவர் ரேபரேலித் தொகுதியின் காங்கிரஸ் அங்கத்தினர் பெரோஸ் காந்தி. நேருவின் ஒரே மகள் இந்திராவின் கணவர்.

விஷயம் இதுதான். தனியார் கம்பெனிகள் நடத்திவந்த ஆயுள் இன்ஷூரன்ஸை சர்க்கார் எடுத்துக்கொண்டு, 1956 செப்டம்பரில் ஒரு கார்ப்பரேஷனை ஆரம்பித்தது. அடுத்த ஜூனிலேயே அந்தக் கார்ப்பரேஷன், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு ஷேர்கள் வாங்கியது. முந்த்ராவோ அப்போது பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தார். பணத்தை எதில் போடலாம் என்று யோசனை சொல்ல ஒரு கமிட்டி இருந்தும், அதைக் கேட்காமலே காரியம் முடிந்துவிட்டது!

அது யார் வீட்டுப் பணம்? 'நமக்கு ஒன்று ஆகிவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாதே' என்று குமாஸ்தாவும் வாத்தியாரும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியம் அல்லவா?

பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம். ஸி. சாக்ளாவை விசாரிக்கும்படி சர்க்கார் நியமித்தது. விசாரணை பகிரங்கமாகவே நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்கவேண்டியதாயிற்று. நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் வந்து சாட்சி சொன்னார்.

அவர் நம் சென்னைக்காரர். அரசியல் சட்டத்தை வரைந்த கமிட்டியில் இருந்த மேதை. லஞ்சம் வாங்கினார் என்று கமிஷன் சொல்லவில்லை. ஆனால், 'தம் இலாகா காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு. எனக்குத் தெரியாது என்று அவர் விலகிக்கொள்ள முடியாது' என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் மந்திரி ராஜிநாமாச் செய்தார். பிறகு 1963-ல் மறுபடியும் நிதி மந்திரியானார் என்பது வேறு கதை.

திறமைசாலியான மந்திரியை இழந்ததில் நேருவுக்கு வருத்தந்தான். ஆனாலும் கேள்வி கேட்டவர் கட்சியில் இருந்தார். விசாரணையும் கதவை மூடிக்கொண்டு நடக்கவில்லை.

எதிர்க் கட்சியின் ஊழலைக் கண்டால் நமக்கெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாம் வோட்டுப் போட்ட கட்சிக்காரர் அதையே செய்தால், "எல்லோரும் செய்வதுதானே!" என்கிறோம். அந்த இடத்தில் வாய் திறப்பவரைத் துரோகி என்று சொல்லாமல் இருந்தாலே பாதி நாணயம் பிழைத்துவிடும். மறு பாதி, நாமும் அவரோடு சேர்ந்து கேட்பதில் இருக்கிறது.