துகளும் இடைவெளியும்: மென்காந்தக் கூட்டுப்பொருள்களின் உட்புகவிடுமியல்பு

கல்குடாவிலிருந்து கரைவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருகோணமலையைக் கடந்து புல்மோட்டையை அடைவர். அங்குள்ள கருமணலிலிருந்து இல்மனைற்று காந்தத்தினாற் பிரித்தெடுக்கப்படுகின்றது. ரூத்தைலும் சிர்க்கனும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. இயற்கை கலந்து வைத்ததை அங்கு உழைப்புப் பிரிக்கின்றது. மென்காந்தக் கூட்டுப்பொருளில் நிகழ்வது இதன் மறுதலை: இரும்புத் துகள் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காவலிப்படை பூசி, அனைத்தையும் அழுத்தி ஒரே பொருளாக்குகின்றனர்.

இத்தேவை எங்கிருந்து எழுந்தது? ஆடலோட்டத்திலே திண்ம இரும்பினுள் சுழிப்போட்டங்கள் தோன்றி ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். காவலிப்படை அவற்றைத் துகளுக்குள்ளேயே அடக்கிவிடுகின்றது. வணிகம் வேண்டிநின்ற நெடுந்தூரத் தொலைபேசியின் சுருள்களுக்காகவே இம்முறை வளர்ந்தது. அழுத்திய இரும்புத்தூளின் காந்தவியல்புகளை ஸ்பீட், எல்மன் ஆகிய இருவரும் 1921இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இனி, கூட்டுப்பொருளின் உட்புகவிடுமியல்பை எவ்வாறு கணிப்பது? 100 மைக்கிரோமீற்றர் துகள்கள், இடையிடையே 0.2 மைக்கிரோமீற்றர் காவலி எனக் கொள்வோம். இரும்பின் சார்பு உட்புகவிடுமியல்பு 5000 ஆயின், கனவளவுச் சராசரி ஏறத்தாழ 4990 என்னும். ஆனால் காந்தப்பாயம் துகளையும் இடைவெளியையும் மாறிமாறிக் கடக்கவேண்டியிருப்பதால், தொடர்முறைக் கணிப்பு ஏறத்தாழ 455 என்றே தருகின்றது. இரும்பை இருமடங்கு செம்மையாக்கி 10000 ஆக்கினும் விடை 476 அளவில் நின்றுவிடும். வயல்வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினும், ஒடுங்கிய மதகே நீரின் அளவை நிர்ணயிப்பது போன்றது இது.

முழுமையை நிர்ணயிப்பவை கூறுகளின் அளவு மட்டுமன்று, அவற்றிடையேயான உறவுகளுமாம். இலக்கியத்தைச் சமுதாயத்தின் வெறுஞ் சராசரியாகக் கணக்கிட முனையும் நம்மவர் சிலரும் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

மாதிரியுருக்களும் தத்தம் எடுகோள்களுக்குக் கட்டுப்பட்டவையே. மக்ஸ்வெல் கார்னெற்றின் 1904ஆம் ஆண்டுச் சூத்திரம், தனித்தனியே விலகிநிற்கும் கோளத் துகள்களுக்குரியது. 90 விழுக்காடு இரும்பு என இட்டால் அது 28க்கு மேல் தராது. அழுத்திய பொருள்களிலோ பன்னூறு அளவிடப்படுகின்றது. அழுத்தத்தில் துகள்கள் தட்டையாகி நெருங்கிவிடுவதே காரணம். இரு கூறுகளையும் சமநிலையில் வைத்து நோக்கும் புறூக்மனின் 1935ஆம் ஆண்டு முறையும் இவ்வளவு மெல்லிய இடைவெளிகளைத் தனியே கணக்கிலெடுப்பதில்லை. எனவே துகளின் வடிவத்தையும் இடைவெளியின் பரம்பலையும் நுணுக்குக்காட்டியிற் கண்டறிந்த பின்னரே கணிப்பிற் புகவேண்டும்.

அழுத்தத்தால் இரும்பினுள் ஏற்படும் தகைப்பும் உட்புகவிடுமியல்பைக் குறைக்கும். அதனை நீக்கச் சூடாக்கவேண்டும். ஆயின் ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேற் சென்றால், வழமையான பொசுபேற்றுக் காவலிப்படை சிதையத் தொடங்கிச் சுழிப்போட்டங்கள் மீளவும் துகளுக்குத் துகள் பாயும்.