பிள்ளைகளின் பேய் வகுப்பும் நம் மளிகைக் கடையும்

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்து, வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடாத வணிகர் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் அபூர்வம். வெள்ளைப் பூசணியில் முறுக்கு மீசையும் கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக ஓர் அரக்கன் முகம். கண் திருஷ்டிக்காக நாம் செய்வது.

ஏறக்குறைய இதே நாட்களில், அக்டோபர் 31ஆம் தேதி, மேல்நாடுகளில் ஹாலோவீன் என்று ஒரு பேய்ப் பண்டிகை கொண்டாடுகிறார்கள். பரங்கிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிறகு அங்கே தாராளமாக விளைந்த பரங்கிக்கு மாறிக்கொண்டார்கள். அந்தக் காய் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர் வழியாக வந்ததுதான். பரங்கி என்ற பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அங்குள்ள ஆசிரியர்கள் இந்தப் பண்டிகையை வகுப்பறைக்குள் கொண்டுபோகிறார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பரங்கியின் எடையை ஊகிக்கிறார்கள், விதைகளை எண்ணுகிறார்கள், பேய்க் கதை எழுதுகிறார்கள், பயமுறுத்தும் சிறு சோதனைகள் செய்கிறார்கள். நமக்கு அந்தப் பண்டிகை வேண்டியதில்லை. ஆனால் பாடம் சொல்லித்தரும் அந்த வழி நமக்கும் புதிதல்ல. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 'மந்திரமா, தந்திரமா' என்ற தலைப்பில் ஊர் ஊராகச் செய்து காட்டியவை இத்தகைய சோதனைகளே. கொரோனாவுக்குப் பின் மாலை நேர வகுப்புகளாக வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் நம் மாவட்டத்து மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில்தான். நாள் 27.10.2021, ஐப்பசி மாதம். எண்ணும் எழுத்தும் என்ற செயல்வழிப் பாடம் 2023-24 கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பாடம் செயல்வழி என்றால் பொருள் வேண்டும். பொருளுக்குப் பிள்ளை எங்கே வருவான்? தெருமுனை மளிகைக் கடைக்குத்தான்.

"அண்ணா, மஞ்சத்தூள் ஒரு சின்ன பாக்கெட் குடுங்க."

"சமையலுக்காப்பா?"

"இல்லண்ணா, டீச்சர் கொண்டாரச் சொன்னாங்க. பேய் எழுத்து எழுதணும்."

பேய் எழுத்து என்பது இதுதான். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி நிழலில் உலர்த்துவார்கள். காய்ந்த தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு எழுதினால் எழுத்து இரத்தச் சிவப்பாக எழும்பும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் சிவப்பு மறைந்து பழைய மஞ்சளே திரும்பும். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகும். அவ்வளவுதான் பேய். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பதும் இதே கணக்கு.

இங்கேதான் வணிகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். முப்பது பிள்ளைகள் முப்பது கடைகளில் வாங்கிய மஞ்சளை ஒரே மேசையில் பூசிப் பார்க்கிறார்கள். மாவு அதிகம் கலந்த தூளில் குர்குமின் குறைவு. எழுத்து மங்கலாகத்தான் வரும். வெயில் படும் கண்ணாடி ஜாடியில் மாதக்கணக்கில் இருந்த நல்ல தூளும் மங்கித்தான் வரும், ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் அழியக்கூடியது. எந்தக் கடைத் தூள் சிவந்தது, எது சிவக்கவில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளை வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லாமலா இருக்கும்? எல்லாக் கலப்படத்தையும் இந்தச் சோதனை காட்டாது. சாயம் கலந்திருப்பதை உறுதி செய்ய ஆய்வுக்கூடம்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

நாமே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் படியும்போது தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். செயற்கைச் சாயம் கலந்தது தண்ணீரை அடர்மஞ்சளாக்கிவிடும். இது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தரும் முறை. தூள் மசாலாவைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்ற விதியும் நினைவிருக்கட்டும். பூஜை மஞ்சள், கஸ்தூரி மஞ்சள் பாக்கெட்டுகளைச் சமையல் மஞ்சளோடு ஒரே தட்டில் அடுக்காதீர்கள். வகுப்புக்கு என்று கேட்டாலும் சமையல் மஞ்சளையே கொடுங்கள், பிள்ளை விரலைச் சப்பும்.

விரலி மஞ்சள் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கும் மொத்த வியாபாரிகளுக்கு வங்கதேசத்துச் சேதி ஒன்று. அங்கே மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் ஏற்றுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் 2019இல் அம்பலப்படுத்தினார்கள். சந்தையில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் ஈயம் இருந்தது. அரசு டாக்காவின் மொத்தச் சந்தையில் புகுந்து சோதனையிட்டு அபராதம் விதித்தது, எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டியது. 2021இல் மறுபடி மாதிரி எடுத்தபோது கலப்பு இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இரண்டே ஆண்டில் ஒரு சந்தை திருந்தியிருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல சரக்கு நமக்குக் கிடைக்காத பொருளல்ல.

அடுத்தது சுண்ணாம்பு. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேய் எழுத்துக்குச் சுண்ணாம்பும் பயன்படும் என்பதால் சில பிள்ளைகள் அதையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிள்ளை அழுத்தினால் பிய்ந்து கண்ணில் பீச்சும். அந்தக் காரம் கருவிழியை அரித்துக்கொண்டே உள்ளே போகும், பார்வையே போகலாம். நம் நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு இது மிகப் பழகிய விபத்து. பட்டுவிட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை இருபது நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ உடனே கொண்டுபோக வேண்டும். கழுவாமல் வண்டி தேடி ஓடக் கூடாது. சுண்ணாம்பு கேட்கும் பிள்ளைக்கு ஒரு சோப்புத் துண்டைக் கொடுத்து, "இதுவே போதும்பா, டீச்சர்கிட்ட சொல்லு" என்றால் வேலை முடிந்தது. சுண்ணாம்பு டப்பாவைக் கடலை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இன்றே இடம் மாற்றிவிடலாம்.

எலுமிச்சை அறுத்தால் இரத்தம் வரும் வித்தையையும் பிள்ளைகள் விரும்புவார்கள். செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்து உலர்த்திவிட்டுப் பழத்தை அறுத்தால் சாறு சிவக்கும். பூவின் நிறம் புளிப்பில் சிவப்பாவதுதான் காரணம். மந்திரவாதிகள் இதைக் காட்டியே காசு பறித்திருக்கிறார்கள். கத்தியைப் பிடிப்பது ஆசிரியராக இருக்கட்டும்.

பூசணிக்கு வருவோம். ஆயுத பூஜைக்கு வாங்கிய காய்களில் ஒன்றிரண்டு மிஞ்சத்தான் செய்யும். ஒன்றைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்துப் பாருங்கள். எடையை முதலில் கையால் தூக்கி ஊகிப்பது, பிறகு தராசில் பார்ப்பது, விதையை எண்ணுவது, முகம் எழுதுவது எல்லாம் அதிலேயே நடக்கும். கையால் தூக்கி எடை சொல்வதில் நம்மை வெல்ல எந்த ஆசிரியரும் இல்லை. அரை மணி நேரம் போய்வரலாம். சாலையில் உடைத்த பூசணியைக் கையோடு அள்ளி ஓரம் போடாவிட்டால், ஐப்பசி மழையில் இரு சக்கர வண்டிக்காரருக்கு அதுவே நிஜப் பேய்.

செலவில்லாத ஒரு பாடமும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்ப் பெரியவர்களிடம் பேய்க் கதை கேட்டு எழுதிவரச் சொல்கிறார்கள். இரவோடு இரவாக மாட்டு வண்டியில் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோன காலத்துக் கதைகள் நம் மூத்த வணிகர்களிடம் நிறைய உண்டு. பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் விரட்டாதீர்கள். எந்த இடம், என்ன மாதம், வெளிச்சம் இருந்ததா, நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று கேட்பான். ஈர நிலத்தில் தெரிந்த கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வான். சதுப்பில் மக்கும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்று ஆசிரியர் மறுநாள் விளக்குவார். மரக்காணம், வானூர்ப் பக்கத்துக் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக் காலத்தில் அங்கே பறவை பார்க்கப் போகும் பிள்ளைகள், பெரியவர் சொன்ன பிசாசையும் சேர்த்தே தேடுவார்கள்.