சிவப்பு விளக்கு எரியும்போதே திரும்பலாமா? தெரியுமா இந்தச் சேதிகள்!

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை எடுத்துத் தூத்துக்குடி நகருக்குள் நுழைகிறீர்கள். சிக்னலில் சிவப்பு. நீங்கள் நிற்கிறீர்கள். பக்கத்தில் வந்த பைக்கோ நிற்காமல் இடதுபக்கம் திரும்பிப் பறக்கிறது. கேட்டால் ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்பார். அப்படித் திரும்பலாமா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் வெடித்த விளக்கு, பெட்ரோல் பஞ்சம், இரண்டாகப் பிரிந்து கிடந்த ஒரு நாடு என்று எத்தனை கதைகள் தெரியுமா?

சாலை சிக்னலைத் தந்தது ரயில் என்று தெரியுமா?

1868 டிசம்பரில், லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே உலகின் முதல் சாலை சிக்னலை நிறுவியவர் ஜே.பி. நைட் என்ற ரயில்வே சிக்னல் பொறியாளர். நம் ஊர் ஸ்டேஷன்களில் பெரியவர்கள் பார்த்துப் பழகிய அதே கைகாட்டிதான்! பகலில் கை இறங்கி ஏறும். இரவில் சிவப்பு, பச்சை கேஸ் விளக்குகள். ஒரு போலீஸ்காரர் நின்று இயக்க வேண்டும். மறு மாதமே கேஸ் கசிந்து வெடித்தது, இயக்கியவர் படுகாயமடைந்தார். 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்சார சிக்னல் வந்தது. தென்னிந்தியாவின் முதல் சாலை சிக்னல் எங்கே தெரியுமா? 1953-ல், நம் சென்னை எழும்பூரில்!

பெட்ரோல் தட்டுப்பாடு ஒரு சாலை விதியைப் பரப்பியது தெரியுமா?

அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் அங்கே கேள்வி, ‘சிவப்பில் வலது திரும்பலாமா?’ என்பது. கலிஃபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்கள் முன்பே அனுமதித்திருந்தன. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. சிக்னலில் வீணே உறுமும் என்ஜின்கள் எண்ணெயைக் குடிக்கின்றனவே என்று யோசித்த அரசு, 1975-ல் எரிசக்திச் சட்டம் கொண்டுவந்தது. சிவப்பில் வலது திரும்ப அனுமதிக்கும் மாநிலத்துக்கே எரிசக்திச் சிக்கன உதவிநிதி என்றது. 1980-க்குள் ஏறத்தாழ நாடு முழுவதும் இதே விதி! அங்கேயும் முழுதாக நின்று, பார்த்து, வழிவிட்ட பிறகுதான் திரும்ப வேண்டும்.

நியூயார்க்கில் அது செல்லாது தெரியுமா?

பலகை வைத்து அனுமதித்த இடம் தவிர, நியூயார்க் நகரத்தில் சிவப்பில் திரும்பவே கூடாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2003-ல் அனுமதித்தபோதும் மாண்ட்ரியல் தீவை மட்டும் விலக்கியே வைத்தது. காரணம் ஒன்றுதான்: நடப்பவர் கூட்டம்.

பெர்லின் சுவர் இடிந்தது, அம்பு பிழைத்தது தெரியுமா?

கிழக்கு ஜெர்மனி 1978-ல் சிக்னல் கம்பத்தில் கறுப்புத் தகட்டில் ஒரு பச்சை அம்பு மாட்டியது. விளக்குகூட இல்லை, வெறும் தகடு! அது உள்ள இடத்தில் நின்று பார்த்து வலது திரும்பலாம். 1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கிழக்கு ஜெர்மனியின் எத்தனையோ அடையாளங்கள் காணாமல் போயின. அம்பு போகவில்லை. 1994-ல் ஜெர்மனி முழுவதற்குமான விதியானது!

நமக்கு ஏன் இடது?

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலது திரும்பினால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டும். இடது திரும்பினால் வேண்டியதில்லை. நம்மூர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பலகைக்கு அடிப்படை இதுதான். அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே யுபிஎஸ் கூரியர் நிறுவனம் தன் வண்டிகள் இடது திரும்புவதைக் கூடியவரை தவிர்த்தே பாதை வகுக்கிறது!

சிவப்பைத் தாண்டினால் சிறை உண்டு தெரியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. சிவப்பு விளக்கை மீறுவதும் இப்போது ‘அபாயகரமாக ஓட்டுதல்’. அது பிறருக்கு ஆபத்து விளைவித்தால், முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

இடது திருப்பம் எளிது, ஆபத்தில்லாதது அல்ல!

இடது திரும்பும் ஓட்டுநரின் கண் எங்கே இருக்கும்? வலப்பக்கத்தில், வண்டி வருகிறதா என்று. அதே நொடியில் இடப்பக்கம் ஒருவர் சாலையில் காலை வைக்கிறார். துறைமுகத்துக்குப் போகும் 40 அடி கன்டெய்னர் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் அமர்ந்திருப்பது வலது ஓரம். இடது மூலை அவருக்கு வெகு தூரம். முன்பகுதி அகலமாக வளைய, பின்சக்கரங்கள் உள்வாங்கி மூலையை ஒட்டியே வரும். அந்த இடைவெளியில் பைக்கை நுழைத்தவர் கண்ணாடியில் தெரியாமலே போகலாம்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் சாலை நெடுகப் பாதயாத்திரைக் கூட்டம். குழந்தையைத் தோளில் வைத்து நடப்பவரும் வெறுங்காலில் நடக்கும் பாட்டியும் சட்டென ஒதுங்க முடியாது.

ஆகவே அன்பர்களே, உலகத்தில் எந்த ஊர் விதியும் ‘பார்க்காமல் போ’ என்று சொல்லவில்லை. பலகையோ பச்சை அம்போ இல்லாத இடத்தில் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். இருக்கும் இடத்திலும் வேகத்தைக் குறைத்து, இடமும் வலமும் பார்த்து, நடப்பவரை முதலில் விடுங்கள். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி!